சாட்சிக்கு விட்ட மட்கார்டு

...வெறும் கைக்குட்டை சார்! தண்ணி கெடையாது, சோப்பு கெடையாது. முன்னாடி மட்கார்டுல காய்ஞ்சு கல்லாப் போன காக்கா எச்சத்த வறட்டு வறட்டுன்னு தேச்சுட்டு, "சுத்தம் பண்ணிட்டேன் மாமா"ன்னு என்னப் பாத்து சிரிக்கிறான். யாரா? என் மச்சினன் சார், வீட்டுக்காரியோட தம்பி. வண்டி வாங்கி வந்த மொத நாளே! அன்னிக்கே வெளிய போடான்னு வெரட்டிட்டேன், ரெண்டு வருஷமாச்சு, அவன் இந்தப் பக்கமே வரல. நானும் கூப்பிடல.

வாங்க, ஷெட்டுக்குள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும் சார், பெல்ட்டக் கழட்டுங்க. பக்கிள் உரசிடும். மோதிரம்? அதையும் இந்த டப்பால போடுங்க. என் கல்யாண மோதிரமே ரெண்டு வருஷமா இதுலதான் கெடக்கு. "நீங்க கட்டினது என்னையா, இந்தக் காரையா"ன்னு இவ கேக்கறா.

போர்வைய எடுக்கறேன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க... ம். எப்படி? பச்ச! அம்பத்தேழு வயசு வண்டி சார், ஃபேக்டரில அடிச்ச பெயிண்ட், மறுபடி ஒரு பிரஷ் பட்டதில்ல. அடுத்த வாரம் பழைய கார் கண்காட்சி. ஒரிஜினல் பெயிண்ட் வண்டிக்குன்னு தனி வரிசையே இருக்கு. அதுல நிக்கணும்னா பெயிண்ட் எவ்ளோ தடிமன்னு நீங்க மீட்டர் வெச்சு அளந்து சீட்டு தரணுமாம். தாராளமா அளங்க. சொந்தக்காரங்க, பால்காரர், பல் டாக்டர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கையோட, முன்னாடி இடது மட்கார்டு மட்டும் மச்சினனால கெட்டுதுன்னு ஒரு வரி போட்டுக் குடுத்தீங்கன்னா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிடுவேன். இவளும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறத நிறுத்துவா.

அந்த மட்கார்ட நான் தொடவே இல்ல சார். சாட்சியாச்சே! பதினாலு கீறல், எண்ணி வெச்சிருக்கேன். அது மேல மட்டும் தனியா ஒரு துண்டு. மத்தபடி வண்டி பூரா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாலிஷ். தப்பாம. காச்சல் வந்தப்பகூட. பானட்டுக்கு மட்டும் புதன்கெழமயும் ஒரு கை. கண்ணாடி மாதிரி ஆயிடுச்சா, அதுல மூஞ்சி பாத்து ஷேவ் பண்ணிக்கலாம். பண்ணிருக்கேன்.

இன்னொரு அதிசயம் சொல்றேன். தேய்க்கறப்பல்லாம் துணி பச்சப் பசேல்னு வரும். பெயிண்ட் இன்னும் உசுரோட இருக்கு சார், அதான் நெறம் விடுது! மொத தடவ பாத்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவளுக்கு எங்க புரியுது? அந்தத் துணியயும் சேத்து மெஷின்ல தொவச்சு தொவச்சு வீட்டுப் பெட்ஷீட்டெல்லாம் பச்சையாயிடுச்சுன்னு கத்தறா.

ஆங், வைங்க மீட்டர. எவ்ளோ? நாப்பத்தெட்டு. நல்லதா சார்? நூறுக்கு மேல இருக்கணுமா? கதவு அப்படித்தான் சார், தொறந்து மூடறதுல்ல. பானட்ல வைங்க... நாப்பத்திரண்டு. மீட்டர் பேட்டரி பழசோ? டிக்கி? நாப்பத்திநாலு. பானட் ஓரத்துல செவப்பா... அடிப்பூச்சா அது? நான் வெயில்ல அப்படி ஆயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்...

ஏன் சார் தலைய ஆட்டறீங்க? கழுவிக் கழுவி மெழுகு போடறது வேறயா? மெழுகு மேல உக்காந்து காக்குமா... பாலிஷ் ஒவ்வொரு தடவையும் பெயிண்ட்ட சீவி எடுக்குமா? அப்ப அந்தத் துணில வந்த பச்ச... அய்யோ. அய்யய்யோ. நூறு ஞாயித்துக்கெழம சார். புதன் வேற.

அங்க எதுக்கு வெக்கறீங்க, துண்ட எடுக்காதீங்க, அது கெட்டுப்போன மட்கார்டு... எவ்ளோ? இன்னொரு தடவ வைங்க. நூத்துப் பத்தா? கீறல் மேலாகத்தானா? ஒரே ஒரு தடவ மெதுவா தேச்சாப் போயிடுமா?

அப்ப இந்த வண்டில ஃபேக்டரி பெயிண்ட் ஒழுங்கா இருக்கற ஒரே எடம், அவன் தொட்டுட்டான்னு நான் தொடாம விட்ட எடம்.

சிரிங்க சார், சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, நிறுத்த முடியல. ரெண்டு வருஷமா ஒருத்தன திட்டித் திட்டி நானே மொத்தத்தையும் வழிச்சு எடுத்து வாஷிங் மெஷின்ல போட்டிருக்கேன்! வரிசையுமில்ல, சீட்டுமில்ல. அந்தப் பெட்ஷீட்டக் கொண்டு வந்து நிறுத்தினா சேத்துப்பாங்களா? ஒரிஜினல் பெயிண்ட் அதுலதான சார் இருக்கு...

கெளம்பிட்டீங்களா? சார், பெல்ட்டு! பேன்ட்டப் புடிச்சுக்கிட்டே ஓடறாரு பாரு.

யாரு, நீயா? எப்பலேர்ந்து வாசல்ல நிக்கற? எல்லாத்தையும் கேட்டுட்டியா? ஃபோன எதுக்கு நீட்டற... உன் தம்பி லைன்லயே இருக்கானா? குடு. இரு, மொதல்ல அந்த மோதிரத்த எடுத்துக் குடு, மாட்டிக்கறேன். ரெண்டு வருஷத்துல வெரலு பெருத்துடுச்சு போல.

மாப்ள... நல்லாருக்கியா? ஒண்ணுமில்லடா. தப்பு என்னுதுதான். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. கைக்குட்டையும் கொண்டு வா, வண்டிய நீதான் தொடைக்கணும். நான் ஷெட்டுக்குள்ள வர மாட்டேன். சாவி உங்க அக்காகிட்ட இருக்கும்.