பாக்கி நின்ற தட்டு: நூலகர் ஷம்சுத்தீன் லோடி அவர்களுக்கு

நூல்களின் நேசரே, நேர்மையின் நிழலே, ஸ்காபரோவின் இச்சிறு கிளை நூலகத்தைப் பதினாறு ஆண்டுகள் பேணிக் காத்த பெருந்தகையே, ஜனாப் ஷம்சுத்தீன் லோடி அவர்களே, வணக்கம்.

இம்மடலை ஆங்கிலத்தில் எழுத முனைந்தபோது தாங்கள் தடுத்தீர்கள். ஆங்கிலத்தில் பிறர் தங்கள் நாட்டவரைப் பற்றி எழுதியதையெல்லாம் வாசித்துக் களைத்துவிட்டதாகவும், எங்கள் தமிழிலேயே எழுதி, பொருளை உடன் வேலை செய்யும் இராஜேஸ்வரி அருகிலிருந்து சொன்னால் போதும் என்றும் கேட்டுக்கொண்டீர்கள். அவ்வாறே செய்கிறோம்.

உலக இலக்கியம் என்று பெட்டி பெட்டியாய் வந்த நூல்களைத் தாங்கள் ஆவலோடு பிரித்ததையும், அலுத்துப்போய் மூடியதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். கராச்சியிலோ லாகூரிலோ பிறந்த ஒருவர் எந்தக் கதைக்குள் வந்தாலும், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று சில்லறை கொடுத்து மறைவார். இல்லையேல் தாடியோடு தோன்றி யாரையாவது மிரட்டுவார். அவருடைய மகள் அழுவாள். அவருக்குப் பெயர் இராது, பகிடி விடத் தெரியாது, மழை பெய்தால் சந்தோசப்படவும் தெரியாது. அதனாலேயே, தம்மைத் தாமே எழுதிய பாக்கிஸ்தானியரின் நூல்களை உருதுவிலும் பஞ்சாபியிலும் சிந்தியிலும் தேடித் திரட்டி, ஜன்னலோரத் தட்டொன்றில் அடுக்கி, பாக்கிஸ்தான் என்று நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினீர்கள்.

ஒருநாள் யாரோ அப்பெயரின் பின்பாதியைச் சுரண்டிவிட்டுப் போனார்கள். தெருவில் தங்களையும், பஸ் தரிப்பிடத்தில் எங்களையும் ஏசுகின்ற அந்தச் சொல் மட்டும் மிஞ்சியது. நாட்டைவிட்டு வந்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த குலசிங்கத்துக்கு அது ஏச்சு என்று தெரியாது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "உதென்ன அக்கா, பாக்கி எண்டு கிடக்கு? இன்னும் அடுக்கப் புத்தகம் இருக்கோ?" என்று இராஜேஸ்வரியைக் கேட்டார். அதை இராஜேஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னதும், முகம் கறுத்து நின்ற தாங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். உருதுவிலும் பாக்கி என்றால் மிச்சம்தானாம். வேறு பெயர்த்துண்டு வேண்டாம், இன்னும் எவ்வளவோ வர இருக்கிறது என்றீர்கள்.

வர இருந்தவை வரவில்லை. இரவல் எடுப்போர் குறைவென்று, தாங்கள் விடைபெறும் இம்மாதத்தோடு அத்தட்டையும் மேலிடத்தார் அகற்றுகிறார்கள். சில நூல்கள் பொது அடுக்கில் கரையும்; மற்றவை மலிவு விற்பனை மேசைக்குப் போகும். மன்றாடினோம், மறுத்துவிட்டார்கள். மகிழ்ந்து வழியனுப்ப வேண்டிய நாளில் எங்களுக்கு மனம் வெறுத்துக் கிடக்கிறது. தாங்களும் இப்போதெல்லாம் அந்த ஜன்னல் பக்கம் போவதில்லை.

பிக்கரிங்கில் மகளின் புது வீட்டில் தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். வாசிக்கக் கண்ணும், உலாவக் காலும், வாதாடக் குரலும் தங்களுக்குக் குறையாதிருக்க வேண்டும். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது, எங்கள் கையொப்பங்களுக்குக் கீழே, தட்டிலிருந்து கழற்றிய அந்தப் பெயர்த்துண்டையும் சேர்த்திருக்கிறோம். சுரண்டிய இடத்தை நாங்கள் நிரப்பவில்லை. தங்கள் வீட்டில் அதை யாரும் ஏச்சாக வாசிக்கமாட்டார்கள்.

பிரிவால் வாடும்,
இராஜேஸ்வரி, குலசிங்கம், கிளடிஸ்
கிளை நூலக ஊழியர்கள்
ஸ்காபரோ, 1988 மார்கழி