வெருளி முகம்

— ஆணியடிச்ச பெட்டியைக் கழட்டச் சொல்லுறீர், உதயகலா. பின்னேரம் லொறி வருது. நாளைக்குக் கட்டுநாயக்காவிலை பிளேன், அங்காலை பாரிஸ் கண்காட்சி. விளங்குதே?

— விளங்குது, சிவரூபன் சேர். அதுதான் சுன்னாகத்திலையிருந்து சைக்கிளை உழக்கிக்கொண்டு ஓடி வந்தனான். அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துத் தாங்கோ.

— எடுத்து?

— எரிக்கோணும்.

— உமக்கென்ன விசரே? எட்டு மாசம் கிடந்து கீறின படம்.

— நீங்கள் கீறினது என்ரை வீட்டு வெருளியை. வீடு கட்டேக்கை கண்ணூறு படக்கூடாதெண்டு முன்சுவரிலை கட்டித் தூக்கின பேய்முகம். ரோட்டாலை போகேக்கை போனிலை படம் பிடிச்சியளாம். உங்களிட்டைப் படிக்கிற என்ரை மகள் நிவேதனாதான் சொன்னவள்.

— ரோட்டிலை தெரியிறதைக் கீறக் கூடாதே? அப்பிடியே கொப்பி அடிச்சனானே? நிறம் என்ரை, கோடு என்ரை.

— போன சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலை தாய்தேப்பனுக்கு வேறை மாதிரியெல்லோ கதைச்சியள்? ஆபிரிக்காச் சனம் சடங்குக்குச் செய்த முகமூடியளைப் பாத்துக் கீறிப் பாரிஸ்காரர் பேரெடுத்தவங்கள், செதுக்கினவன்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு. மேசையிலை வேறை அடிச்சியள்.

— அது... அங்கை கப்பல் கப்பலா அள்ளிக்கொண்டு போனவங்கள். நான் இந்த ஊரவன், விளங்குதே?

— ஊரவர் எண்டபடியால் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். படலை திறந்துதான் கிடந்தது.

— சரியப்பா, பிழைதான். அந்த வெருளியை ஆர் கீறினது, உம்மடை மேசனே? பேரைச் சொல்லும், படத்துக்குக் கீழை போடுறன்.

— கீறினது நான்தான். பேர் வேண்டாம்.

— பிறகென்னதான் வேணும்?

— எரிக்கோணும் எண்டுதானே சொன்னன். குடிபுகுந்த அண்டைக்கு வெருளியைக் கழட்டி, அதிலை விழுந்த கண்ணெல்லாத்தோடையும் முற்றத்திலை போட்டு எரிச்சனாங்கள். அதோடை முடிஞ்சுது எண்டு நிம்மதியா இருந்தன். இப்ப நீங்கள் திரும்பவும் கட்டித் தூக்கப் போறியள், சேர். மூண்டு நாளா எனக்கு ஒரு கண் நித்திரையில்லை.

— படிச்ச பிள்ளை நீர். பாரிஸிலை நிண்டு ஆரோ பாத்தால் சுன்னாகத்திலை வீடு இடியுமே?

— வீட்டுக்குப் பயப்பிடேல்லை.

— பிறகேன் இந்தப் பதகளிப்பு? கோரப் பல்லும் பிதுங்கின முழியுமா ஒரு பேயின்ரை மூஞ்சை. அதை ஆர் பாத்தால் உமக்கென்ன?

— பல்லு மட்டும்தான் சேர் பேயின்ரை. மிச்சமெல்லாம் கண்ணாடியைப் பாத்துக் கீறினது. விழுற கண் பிள்ளையளை விட்டிட்டு என்னிலை விழட்டும் எண்டு.