கம்ப்யூட்டருக்கு ஒரு பேட்டரி

"கரண்டு போனா அதுக்கு எல்லாமே மறந்துருதுங்கண்ணா."

எண்பதுகளின் கடைசியில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் லாரிகளுக்குப் பேட்டரி விற்பவர்.

"எதுக்குங்க மறக்குது?"

"ஊட்டுல இருக்கற கம்ப்யூட்டருக்குங்க. எம்பட சம்சாரம் டீச்சரு. புள்ளைங்களுக்கு இங்கிலீசு இலக்கணப் புஸ்தகம் எழுதோணும்னு அவளுக்கு ஆசை. அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அடிச்சதை டேப் கேசட்டுலதான் பதிஞ்சு வெக்கோணும்; பதியறதுக்குள்ள கரண்டு போயி, அத்தனையும் அழிஞ்சு போச்சு."

"ஒரு பேட்டரி செட்டு போட்டிருந்தா தப்பிச்சிருக்குமுங்க."

"அவளும் அதையேதான் சொன்னா. தண்டச் செலவுன்னு நாந்தான் உட்டுட்டேன்."

"இப்பவாச்சும் போட்டுருங்க. அம்மணி மறுபடியும் சொன்னா அடிச்சுக்கலாமில்லீங்க?"

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் அவளுக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்கண்ணா. பேச்சு போயிருச்சு."

"அட சாமி..." என்றார் பேட்டரிக்காரர்.

"பேட்டரி வேணுந்தானுங்க. கம்ப்யூட்டருக்கு இல்லீங்க. கரண்டு போனா அவ கட்டிலுக்கு மேல ஃபேன் நின்னுருது. வேர்க்குதுன்னு சொல்லக்கூட அவளால முடியறதில்லீங்க."