மூட மறுத்த ப்ரோக்ராம்

கம்ப்யூட்டரில் மூடு என்று அழுத்தினால் மூட வேண்டும். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது, சார்.

மச்சானின் ஐஸ்கிரீம் கிடங்குக்கு நான் எழுதிய ஜாவா ப்ரோக்ராம் மட்டும் மூடாது. திரையிலிருந்து மறையும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். அக்காவின் கணவர்தான் என் முதலாளி. வேலையாட்களை வைத்துக்கொண்டே, "மாப்ள, உன் ப்ரோக்ராம் போறேன் போறேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்கிற விருந்தாளிடா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடைசியில் ஒரு நாள், "நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்று மாலை வேலையாட்கள் கிளம்பியதும் துழாவினேன். பின்னணியில் ஒரு சின்ன வேலை எதற்கோ காத்திருந்தது. அது ஓயும்வரை ஜாவா மூடாது. எழுதியவன் நானேதான், மறந்தே போயிருந்தேன். ப்ரோக்ராமை மூடினால் குளிர் அறையின் கதவு பூட்டிக்கொள்ளும், உள்ளே விளக்கு அணையும், அவசர மணியும் அடிக்காது. "உள்ள ஆள் இருந்தா மூடவே கூடாதுடா" என்று அக்கா கேட்டுக்கொண்டதால், உள்ளே போனவர் வெளியே வந்து கதவில் அடையாள அட்டையைத் தேய்க்கும்வரை காத்திருக்கும்படி எழுதியிருந்தேன். மச்சானோ வெளியே வரும்போது அட்டையைத் தேய்ப்பதே இல்லை.

ஆக, இத்தனை நாள் ப்ரோக்ராமை மூட விடாதவர் அவரேதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலியோடு சுற்றினேன், விசிலடித்தேன். காத்திருக்கச் சொல்லும் வரியை எடுத்துவிட்டுப் புதிதாக ஓடவிட்டேன்.

ஆனால் உள்ளே ஒருவர் இருந்தால்தானே சோதித்துப் பார்க்க முடியும். நல்ல வேளையாக, மச்சான் சரக்கு பார்க்கக் குளிர் அறைக்குள் போனார். போகும்போது அட்டையை ஒழுங்காகத் தேய்த்தார். 'உள்ளே ஒருவர்' என்று திரையில் வந்தது. மூடு என்று அழுத்தினேன்.

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடியது, சார். துள்ளிக் குதித்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. "மாப்ள, விளையாடாதடா, திற" என்றும் கேட்டது. மறுபடி ஓடவிட்டால் திறந்திருக்கும்தான். முதல் தடவையாக ஒழுங்காக மூடியதை எடுத்த எடுப்பிலேயே திறக்க யாருக்கு மனம் வரும்? காலையில் திறந்து அவரிடமே காட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காவுக்கும் அது தொற்றிக்கொண்டது. "என்னடா இவ்ளோ குஷி? மச்சான் இன்னுமா வேலையா இருக்காரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுதுக்கா" என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, சார்.