தாய்மாமனைக் கேட்காமல் எடுத்த முடி

அன்னூரிலிருந்து பீளமேட்டுக்குப் போகும் பேருந்தில், தடுப்பூசிக்காக மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்:

“ஏனுங் மாப்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மொட்டை அடிச்சுப்போட்டீங்களா?”

கேட்டவர் தாய்மாமன், மற்றவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பச்சைக் குழந்தையின் அப்பா என்பது பேச்சில் புரிந்தது.

“மொட்டை இல்லீங்க மச்சான். தலையில ஒயர் ஒட்டறதுக்கு அங்கங்க செரைச்சிருக்காங்க.”

“முத முடி கொலசாமிக்குங்க. எம்மடியில வெச்சு எடுக்கோணும்.”

“ஐசியூவுல உங்களை மடி விரிக்க உட மாட்டாங்க.”

“அப்பிடியென்ன ஒயரு?”

“மூளையில வலிப்பு வருதான்னு பாக்கறதுக்குங்க.”

“கை காலு இழுத்துதா?”

“இல்லீங்க. சும்மா தூங்கற மாதிரித்தான் இருந்தான். ஸ்கிரீன்ல கோடு மாறுனதைப் பாத்துத்தான் மருந்து போட்டாங்க.”

என் மகளும் தூங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தேன். சிணுங்கினாள். எழுப்பியிருக்க வேண்டாம்.

“இப்ப நின்னுருச்சா?”

“தெரியலீங்க. ஒரு பக்கம் ஒயர் ஒட்டலை. அந்தப் பக்கம் வலிப்பு வந்தாத் தெரியாதாம். இன்னுங் கொஞ்சம் முடி எடுக்கட்டுமான்னாங்க. மச்சானைக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்னேன்.”

“அதுக்கா பஸ் ஏறி எங்கூட்டுக்கு வந்தீங்க?”

“போன்ல கேட்டா மரியாதை இல்லீங்களே. ஊட்டுல வெச்சுக் கேக்க வாய் வல்லீங்க.”

தாய்மாமன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“போனைப் போட்டு முழுசா எடுக்கச் சொல்லுங்க. சாமிக்கு மறுக்கா மொளைக்கும்.”