தானாக நின்ற பெக்கோ

“மண் தோண்டுற பெக்கோவைப் பற்றிப் படிச்சு, பொம்பிளைப்பிள்ளை நீ என்ன செய்யப் போறாய்?” என்று மாமா கேட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான்.

நேற்று இந்த வெளிநாட்டு நகரில், கிளென் வேவர்லி போகும் ரயிலில், சேறு படிந்த சப்பாத்துகளோடு தமிழ்த் தொழிலாளர் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“இண்டைக்குப் பெக்கோ என்ர சொல் கேக்கேல்லை. அதாலதான் நீ உயிரோட இருக்கிறாய்,” என்றார் அதை ஓட்டும் மூத்தவர்.

“அதின்ர நிழலில வைச்ச சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிஞ்சனான், அண்ணை.”

“நான் காணேல்லை. ரிவேர்ஸ் போட்டா அசையுதில்லை. பழுதெண்டு, அதைச் செய்த ஜப்பான்காரனைத் திட்டினனான். பிறகுதான் ஸ்கிரீனில உன்ர முதுகு தெரியுது.”

“கமரா ஆளைக் கண்டா மெஷின் தானே நிக்குமாம்.”

“ஓம். இனி உன்னைத்தான் திட்டுறது.”

இருவரும் சிரித்தார்கள்.

அத்தகைய பெக்கோ செய்யும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்கு எழுதி, அனுப்பத் தயங்கி வைத்திருந்த வேலை விண்ணப்பத்தை, இறங்குமுன் அனுப்பிவிட்டேன்.