எட்டு மணிக்கு முன் ஏறிய கொடி

2019 மே 11, சனிக்கிழமை காலை, டென்மார்க்கின் ஸ்வென்போர் நகரில், எங்கள் தோட்டத்துக் கம்பத்தில் எட்டு மணிக்கு முன்பே கொடி ஏறியிருந்தது.

எட்டுக்கு முன் ஏற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிறந்தநாளுக்கு வீட்டில் நாட்டுக் கொடி ஏற்றுவோம், அதற்கும் அதேதான். மீறியது நான். என் மேல் டோர்த்தே உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் இது இருக்காது. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறும்வரை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனித ஊக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஊக்கத்தைக் கொல்வது தண்டனை என்றுதான் மாணவர்கள் முதலில் சொல்வார்கள். ஆனால் தண்டிக்கப்பட்டவன் கோபத்திலாவது எழுந்து நிற்பான். செய்தாலும் செய்யாவிட்டாலும் கிடைப்பது ஒன்றுதான் என்று ஆகிப்போனவன்தான் எழுந்திருக்க மாட்டான். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வகுப்பு முழுவதும் பிடிக்கும்.

2018 இலையுதிர் காலத்தில் என் கணவர் பிரேபனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு திக்கியது. நகராட்சி அனுப்பிய பிசியோதெரபிஸ்ட்தான் டோர்த்தே. நல்ல பெண்.

"காப்பியை அவரே எடுக்கட்டும், மெரெட்டே. சிந்தினா சிந்தட்டும், துடைக்கத் துணி இல்லையா என்ன?" என்பாள்.

அவள்தான் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். நடக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. "கொடி... எழுபது... நான் ஏத்தணும்" என்றார். எழுபதாவது பிறந்தநாளுக்குத் தன் கொடியைத் தானே ஏற்ற வேண்டுமாம்.

"ஏத்துங்க. ஏத்தலைன்னா உங்க கேக்கையும் நானே தின்னுடுவேன்" என்று சிரித்துவிட்டு, சமையலறை உத்தரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கயிறு மாட்டிவிட்டுப் போனாள். தினமும் இடது கையால் அதை இழுத்துப் பழகினார்.

நான் எதையும் தடுக்கவில்லை. கோப்பையை நோக்கி அவர் கை நகரும் முன் அதை அவர் உதட்டருகே கொண்டுபோனேன். ஒரு சொல்லைத் தேடும்போது அதை நானே சொல்லி முடித்தேன். அவர் எழுந்து நின்றால் "அருமை" என்றேன். விழுந்தாலும் அதே குரலில் "அருமை" என்றேன். விழுந்த இடத்திலிருந்து ஒருமுறை என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் கயிற்றை விடவில்லை.

பிறந்தநாளன்று விடிந்ததும் நான் போய்க் கொடியை ஏற்றினேன். உள்ளே வந்தபோது அவர் படுக்கையில் இல்லை. தானே சட்டை போட்டிருந்தார், பொத்தான்கள் மாறி மாறி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு முதல்முறையாகத் தனியாகத் தோட்டத்து வாசல்வரை வந்திருந்தார்.

"உங்களுக்குச் சிரமம் எதுக்குன்னு நானே ஏத்திட்டேன்" என்றேன். பொத்தான்களையும் சரியாகப் போட்டுவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டு டோர்கில் ரொட்டிப் பையோடும், பிறந்தநாள் பாட்டுப் பாட அழைத்துவந்த தெருக்காரர்களோடும் வேலியருகே வந்து நின்றார். கொடி விதிகளில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"இன்னும் எட்டே அடிக்கலையே! எந்த மடையன் ஏத்தினது?" என்றவர், வாக்கரோடு நின்ற பிரேபனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அடப்பாவி, நீயா? நீயே ஏத்திட்டியா? இன்னிக்கு உனக்கு எல்லாம் மன்னிப்புடா!"

எல்லோரும் கைதட்டினார்கள். டோர்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான்..." என்றார் பிரேபன். அடுத்த சொல் வரவில்லை. "நான்... நான்..."

"நானேதான் ஏத்தினேன்னு சொல்றார்" என்றேன்.

மறுபடி கைதட்டினார்கள். பிறகு பாடினார்கள்.

அதற்குப் பிறகு அவர் கயிற்றைத் தொடவில்லை. டோர்த்தே கெஞ்சிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடையில் பேச்சும் நின்றது. அக்டோபரில் நெஞ்சில் சளி கட்டியது. முயன்று இருமினால் வெளியே வந்துவிடும் என்றார் மருத்துவர். பிரேபன் இருமவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். எங்கள் திருமண வாழ்வு முழுவதும் அவருக்குப் பாய்மரப் படகு இருந்தது, துறைமுக நண்பர்கள் இருந்தார்கள். நான் ஜன்னலருகே இருந்தேன். பக்கவாதம் வந்த பிறகுதான் நான் அறைக்குள் நுழையும்போது அவர் கண்கள் என் பக்கம் திரும்பின. கொடியை ஏற்றிவிட்டால் அடுத்து படகு என்பார். அது எனக்குத் தெரியும். ஊக்கம் அப்படித்தான் வளரும். என்னளவுக்கு அவரை யாரும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. டோர்கிலும் அதைத்தான் சொல்கிறார்.

அடக்கத்தன்று காலை கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றினேன். எட்டு அடிக்கும்வரை காத்திருந்துதான் ஏற்றினேன்.